தாடி வைத்த நீத்துப்பெட்டி

ரொறன்ரோவில் நான் நின்ற கடைசி நாளில் என்னை மூன்று சந்தைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் போகக் கேட்டது ஒன்றுக்குத்தான். மற்ற இரண்டும், அந்த ஒன்றுக்கு நான் போய்விடாமல் இருக்க என் மகள் கண்டுபிடித்தவை. அது எனக்குப் பின்னேரம்தான் விளங்கியது. விளங்கியபோது வந்த கோபம் சாவகச்சேரிக்குத் திரும்பி வந்த பிறகும் முழுதாக ஆறவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் சுகந்தியும் மருமகன் குகனும் மல்வேர்னில் இருக்கிறார்கள். தோளோடு தோள் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். இலை சிவக்கத் தொடங்கிய நேரம் போனேன். திரும்பும்போது மரங்களெல்லாம் கவிழ்த்து நட்ட ஈர்க்குமாறு போல நின்றன.

போன முதல் கிழமையே மருமகன் விசயத்தைச் சொல்லிவிட்டார். அவர்கள் ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடு ஒன்று வாங்கப் பார்க்கிறார்கள்.

"மாமி, நீங்கள் திரும்பி வந்து எங்களோட இருக்கிறதெண்டால் கீழ் அறை இருக்கிற வீடாப் பார்ப்பம். இல்லையெண்டால் சின்னது காணும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"போற நாள் சொல்லுறன் தம்பி" என்றேன். ஒரு வீட்டில் இருக்கலாமா என்பதை, இருந்து பார்த்தல்லவா சொல்ல வேண்டும்?

இருந்து பார்த்தேன். இருந்தேன் என்பதுதான் சரி. கதிரையில் இருந்தேன். போய் இரண்டாம் நாள் செத்தல் மிளகாய் தாளித்தேன். புகை பட்டதும் கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டி ஒன்று கொலை விழுந்த வீடு போலக் கத்தத் தொடங்கியது. சுகந்தி துவாயை விசிறிக்கொண்டு ஓடி வந்தாள். அத்தோடு குசினி எனக்குப் பூட்டு. "அம்மா, நீங்கள் ஆறுதலா இருங்கோ. நான் எல்லாம் செய்வன்." தண்ணீர் குடிக்க எழுந்தாலும் "இருங்கோ அம்மா" என்பாள். நாற்பது பேருக்குத் திவசச் சமையல் செய்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் ஜன்னலைப் பார்த்தேன்.

ஊரிலிருந்து நான் கொண்டு போனது ஐந்து நீத்துப்பெட்டி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பனையோலையால் கூம்பாக இழைத்த பெட்டி. குழைத்த மாவை அதற்குள் போட்டு, கொதிக்கும் பானையின் வாயில் வைத்துப் புட்டு அவிப்பது. கழுவிவிட்டுக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் கெதியாகக் காயும் என்று, ஒவ்வொன்றின் நுனியிலும் என் பழைய ஊதாச் சேலைக் கரையைக் கிழித்து ஒரு வளையம் தைத்திருந்தேன். அங்கே விமான நிலையத்தில் ஒரு உத்தியோகத்தர் ஒன்றைத் தூக்கி, இது தொப்பியா என்று கேட்டாராம். அவரை நான் மன்னித்தேன். எனக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது.

அதன் பிறகு வீட்டில் அடிக்கடி புட்டு. மூடிய பாத்திரத்தில் மேசைக்கு வரும். நான் மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டக் கொண்டு போய், "ஓலை மணம் பார், ஓலை மணம்" என்பேன். யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களையும் மணக்க வைப்பேன். "இரும்புச் சட்டியில அவிச்சால் உந்த மணம் வருமோ?" என்று கேட்பேன். மருமகன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். என்ன அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் மார்கிறெட் என்று ஒரு வெள்ளைக்காரி. என் வயதுதான். அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. வந்த புதிதில் நான் ஒரு நீத்துப்பெட்டியைக் கழுவிக்கொண்டு வெளியே நின்றபோது, அது என்ன என்று கையால் கேட்டா. நானும் கையால் சொன்னேன். பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். தலைகீழாகக் கவிழ்த்தேன். வெள்ளை வெளேரென்று புட்டு விழுவதைக் காட்ட, பெட்டி வாய்க்குக் கீழே விரல்களை அசைத்துக் கீழே இழுத்தேன். அவவின் முகம் மலர்ந்தது. கைதட்டினா. விளங்கிக்கொண்டா என்று எனக்கும் பெருமை.

நான் புறப்படுகிற கிழமை, வேலிக்கு மேலால் ஒரு கடதாசியை நீட்டினா. பக்கத்தில் நின்ற மருமகன் வாசித்துச் சொன்னார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன்னால் அங்கே கைவேலைச் சாமான்கள் விற்கிற சந்தைகள் நடக்கும். ஸ்ரௌவ்விலில் நடக்கிற ஒன்றில் அவவுக்கும் ஒரு மேசை இருக்கிறது, கட்டாயம் வா என்று அழைப்பு. நான் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினேன். நான் தலையாட்டினால் அது வாக்கு.

கடைசி நாள் காலை சேலை மாற்றி, அதற்கு மேல் அந்தப் பாரமான குளிர்ச் சட்டையையும் மாட்டி நின்றேன். சுகந்தி சொல்கிறாள்:

"அம்மா, குகன் காரைக் கொண்டு வேலைக்குப் போயிட்டார். ஸ்ரௌவ்விலுக்கு பஸ்ஸில போறது கரைச்சல். இஞ்சை கிட்டச் சேர்ச்சிலயும் உதே சந்தைதான். எல்லாம் ஒரே சாமான்."

"மார்கிறெட் அங்கையோ நிக்கிறா?"

"இல்லை... முதல்ல இதைப் பார்ப்பம் அம்மா."

பஸ் ஏறினோம். பஸ் தூக்கிப் போட்டது. ஜன்னல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. வயது போனவள் எதைப் பிடிப்பாள்? அதைத்தான் பிடித்தேன். பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் ஏறவில்லை. வெறும் தரிப்பிடங்களில் எதற்கு இப்படி நின்று நின்று போகிறான் என்று நான் சாரதியைத்தான் மனதுக்குள் திட்டினேன். சாரதி கண்ணாடியில் பார்த்து உரத்துச் சத்தம் போட்டார். பின்னாலிருந்து ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு தமிழ்ப் பெண் எட்டி என் தோளைத் தட்டினாள்.

"அன்ரி, கயித்தை விடுங்கோ. அதுதான் மணி. நான் வேலைக்குப் போய்ச் சேரோணும்."

சுகந்தி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். கயிறு கட்டிவிட்டு, பிடிக்காதே என்றால் என்ன நியாயம்? எங்கள் ஊர் பஸ்ஸில் கொண்டக்டர் "ஆச்சி, இறுக்கிப் பிடியுங்கோ" என்று கத்துவான். இங்கே பிடித்ததற்குக் கத்துகிறார்கள்.

சேர்ச்சின் நிலக்கீழ் மண்டபத்தில் சந்தை. சந்தை என்று பெயர்தான், சாவீட்டில் கூட இதைவிடச் சத்தம் இருக்கும். விற்கிறவர்கள் கம்பளி பின்னிக்கொண்டு, நாம் பார்த்தால் சிரிக்கிறார்கள். "வாங்கோ, எடுங்கோ, நாளைக்குக் கிடையாது" என்று ஒரு வார்த்தை இல்லை. விருப்பமில்லாமல் விற்கிறார்களோ என்று நினைத்தேன்.

சாமான்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. தோடம்பழத்தை வட்டம் வட்டமாக வெட்டிக் காயவைத்து நூலில் கோத்திருக்கிறார்கள். தின்பதற்கல்ல, தொங்கவிடுவதற்கு. கறுவாப்பட்டையைச் சிவப்பு நாடாவால் கட்டி வைத்திருக்கிறார்கள். கறிக்கல்ல, தொங்கவிடுவதற்கு. ஒரு போத்தலைத் திறந்து மணந்தால் அப்பம் சுட்ட வாசம். மெழுகுதிரி! பூசணிக்காய் வாசத்தில் ஒன்று, அப்பிள் வாசத்தில் ஒன்று. மரத்தடியில் சும்மா விழுந்து கிடக்கிற பைன் காய்க்கு வெள்ளிப் பூச்சுப் பூசி அதையும் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"சாப்பிடுற சாமான் எல்லாத்தையும் ஏன் பிள்ளை தூக்குப் போடுகினம்?" என்று கேட்டேன்.

"மெதுவா அம்மா."

"அவைக்குத் தமிழ் தெரியாது."

"உங்கடை முகம் தெரியும்."

அங்கே சாப்பிடக்கூடியதாக இருந்தது ஒரு மூலையில் அவரைக் கொட்டைச் சாறும், காய்ச்சிய அப்பிள் தண்ணீரும். சாற்றில் உறைப்பு என்று எழுதியிருக்கிறதாம். நாக்கில் வைத்துத் தேடினேன். அகப்படவில்லை. அப்பிள் தண்ணீர் பரவாயில்லை, குளிருக்கு இதமாக இருந்தது. அதிலும் ஒரு கறுவாப்பட்டை மிதந்தது. ஒன்றாவது தப்பியதே என்று சந்தோசப்பட்டேன்.

"இனி மார்கிறெட்டிட்டைப் போவம்" என்றேன்.

"மில்லிக்கன்ல ஒண்டு நடக்குது அம்மா. தமிழாக்களும் மேசை போட்டிருக்கினம். உங்களுக்குக் கதைக்க ஆள் கிடைக்கும்."

மறுபடி பஸ். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மில்லிக்கனில் கடைத்தொகுதிக்குப் பின்னால் ஒரு மண்டபம். அங்கே ஒரு மேசையில் சிரட்டைகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் மெழுகு. தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி, நெற்றியில் சின்னப் பொட்டு, வாய் நிறையக் கூப்பிட்டாள்.

"வாங்க ஆன்ட்டி! எல்லாம் ஹேண்ட்மேட். இந்தக் கொட்டாங்குச்சி ஒவ்வொண்ணும் நானே தேய்ச்சது."

"சிரட்டையை நாங்கள் அடுப்பில போட்டு எரிக்கிறது பிள்ளை" என்றேன்.

"இங்கயும் எரியத்தான் ஆன்ட்டி போகுது!"

அன்றைக்கு எனக்கு வந்த ஒரே சிரிப்பு அது. அவளுக்காவது வியாபாரம் செய்ய வாய் இருந்தது. சிரட்டையைக் கொட்டாங்குச்சி என்கிறாளே என்பதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

அங்கே நிற்கும்போது மருமகன் வேலை முடிந்து காரோடு எங்களை ஏற்ற வந்தார். நல்ல மனிதர். காரில் ஏறியதும் ஒரு சூதும் அறியாமல் கேட்டார்:

"என்ன மாமி, மார்கிறெட் சொன்ன இடத்துக்கு இன்னும் போகேல்லையோ? கொஞ்சத் தூரம்தான். பூட்டுறதுக்கு முதல் போயிடலாம்."

"நேரமில்லை குகன். பெட்டி கட்டோணும்" என்றாள் சுகந்தி.

"பெட்டி எல்லாம் நேற்றே கட்டியாச்சே?"

முன் கதிரையிலிருந்து சுகந்தி அவரைப் பார்த்த பார்வையை நான் பின் கதிரையிலிருந்து பார்த்தேன். ஆனால் என்ன, ஏது என்று பிடிபடவில்லை. "வாக்குக் குடுத்தனான் தம்பி, விடுங்கோ காரை" என்றேன். அந்தக் காரின் கதிரை வேறு அடியிலிருந்து சுடும். குளிருக்காம். அடுப்பில் வைத்த மாதிரி இருந்து போனேன்.

ஸ்ரௌவ்விலில் வயல் வெட்டிக் கட்டிய புது வீடுகள். ஒரே அச்சில் வார்த்தவை. தெருவில் நடக்கிற மனிதர் ஒருவர் இல்லை. சந்தை நடந்த மண்டபம் பெரிது, நத்தார்ப் பாட்டு ஓடியது. மார்கிறெட்டின் மேசை கடைசியில். நான் கையசைத்துக்கொண்டு போனேன். மேசைக்கு மேலே காய்ந்த மரக்கொப்பு ஒன்று கட்டியிருந்தது. அதில் மூன்று குள்ளத் தாத்தாமார் தொங்கினார்கள். கூம்புத் தொப்பி, அதற்குக் கீழே மரக்குண்டு மூக்கு, அதற்குக் கீழே நெஞ்சளவு வெள்ளைப் பஞ்சுத் தாடி. கண் கிடையாது. தொப்பி முழுக்கத் தங்கப் பூச்சு.

தொப்பியின் நுனியில் ஊதாச் சேலைக் கரை.

நான் கிட்டப் போய் வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். என் தையல். தங்கப் பூச்சுக்கு அடியில் ஓலைப் பின்னல் விரலில் தட்டியது.

"இது என்னடி?" என்றேன். மண்டபம் முழுக்கத் திரும்பியது. அந்தச் சந்தையில் அன்று விழுந்த முதல் சந்தைச் சத்தம் என்னுடையதுதான்.

சுகந்தி என் பின்னால் ஒதுங்கினாள். மருமகன்தான் பயந்து பயந்து சொன்னார்: "உதுகளுக்கு நோம் எண்டு பேர் மாமி. நத்தாருக்குத் தொங்கவிடுற குள்ளர்." நோம்! பெயரிலேயே நோவு இருக்கிறது.

மார்கிறெட் மேசையைச் சுற்றி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. மேசையில் ஒரு அட்டை வைத்திருந்தா. எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்துத்தான், ஆங்கிலம் எங்கே? மருமகன் வாசித்துச் சொன்னார்: "இலங்கையிலிருந்து வந்த என் நண்பி வேலியடியில் எனக்குக் காட்டித் தந்த குள்ளர்கள்."

"நான் எப்ப காட்டினனான்?"

அவர் மொழிபெயர்த்தார். மார்கிறெட் சிரித்தா. இரண்டு கைகளையும் கூம்பாகக் குவித்தா. கவிழ்த்தா. அதற்குக் கீழே விரல்களை அசைத்து அசைத்துக் கீழே இழுத்தா. அச்சொட்டாக நான் செய்ததேதான். நான் விழுத்திய புட்டு அவவின் கண்ணுக்குத் தாடியாகத் தெரிந்திருக்கிறது.

அவவை என்ன சொல்லித் திட்டுவது? மிகுதி இரண்டும் விற்றுப்போனதாம். அதையும் பெருமையோடு சொன்னா. முன்பின் தெரியாத இரண்டு வீட்டில் என் நீத்துப்பெட்டி தாடியோடு தொங்குகிறது. ஒரு குள்ளனைக் கழற்றி, இது உனக்கு என்று என் கையில் தந்தா. வாங்கிக்கொண்டேன். பழகிய மனிதர் தருவதை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் வேலி தாண்டினது எப்படி?

கார் நிறுத்துமிடத்துக்கு வரும் வரை பொறுத்தேன். காற்று முகத்தில் அறைந்தது.

"ஏன் குடுத்தனி?"

"பேந்து கதைப்பம் அம்மா. குளிருது."

"இப்ப கதை. ஐஞ்சு பெட்டியும் அங்கை எண்டால், நான் இவ்வளவு நாளும் எதில அவிச்ச புட்டைத் திண்டனான்?"

மருமகன் கார்த் திறப்பைத் தடவிக்கொண்டு நின்றார். சுகந்தி நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஸ்ரீமர் அம்மா. ஆவியில அவிக்கிற ஸ்ரீல் சட்டி."

"அப்ப ஓலை மணம்?"

யார் யாருக்கெல்லாம் அந்தப் பாத்திரத்தைத் தூக்கி மணக்கக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. எல்லாரும் மணந்துவிட்டு "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்றார்களே! குளிரிலும் எனக்குக் காது சுட்டது.

"தம்பி, உங்களுக்கும் தெரியுமோ?"

"ஸ்ரீமர் தெரியும் மாமி. பெட்டி மார்கிறெட்டிட்டைப் போனது சத்தியமாத் தெரியாது."

"என்னை வைச்சு நாடகம் ஆடியிருக்கிறியள். விருந்தாளிக்குச் சொல்லுற மாதிரி எனக்கும் பொய் சொல்லியிருக்கிறாய். நான் ஆர் இந்த வீட்டில?"

அப்போதுதான் சுகந்தி வெடித்தாள்.

"ஓம், சொல்லேல்லை! எப்பிடிச் சொல்லுறது? விடியக்காலமை இருட்டோட நான் பஸ்ஸுக்கு ஓடுறன். ஒரு பெட்டியில அவிச்சால் ஒரு ஆளுக்குக் காணாது. முதல் கிழமையே காயாமல் பூஞ்சணம் பிடிச்சுது. கழுவிக் கழுவி வைச்சன். மார்கிறெட் ஆசையாக் கேட்டா, குடுத்திட்டன். நீங்கள் மேசையில இருந்து மணந்து மணந்து சிரிக்கிறியள். அந்த முகத்தைப் பார்த்து ஆர் சொல்லுவினம்? நீங்கள் சொல்லுங்கோ பார்ப்பம்!"

"கத்தாதை. ஆக்கள் பாக்கினம்."

"கத்துவன்! ஒன்றரை மாசம் வாயைப் பொத்திக்கொண்டு திரிஞ்சிட்டன். உங்களுக்குப் புட்டு அவிச்சே களைச்சுப் போனன்!"

நான் அவளைப் பார்த்தேன். மூக்கு சிவந்து, மயிர் காற்றில் பறந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் வங்கி மேனேஜரோடு கதைக்கிற மாதிரி "இருங்கோ அம்மா, ஆறுதலா இருங்கோ அம்மா" என்று கதைத்தவள் இவள்தானா? பதினெட்டு வயதில் சட்டை வாங்கித் தரவில்லை என்று கதவை அடித்துச் சாத்தினவளை அங்கேதான், அந்தக் கார்களுக்கு நடுவில்தான் கண்டேன். கோபம் தீரவில்லை. ஆனால் அது அவளை விட்டுத் திரும்பி நின்றுகொண்டது.

வழியில் கதிரை மட்டும் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ச் சட்டையைக் கழற்றி நேரே குசினிக்குள் போனேன்.

"அம்மா, நீங்கள் இருங்..."

"சொல்லாதை. உன்ரை ஸ்ரீமரை எடு. மா எங்கை?"

எடுத்துத் தந்தாள். மா குழைத்தேன். அவள் தேங்காய்ப்பூவைக் கொட்டிய அளவு காணாது என்றேன். இதுதான் அளவு என்றாள். இரண்டு பேரும் அதற்கும் சண்டை பிடித்தோம். அவள் மாவின் பதம் பிழை என்றாள். என்னிடம்! நான் சம்பலுக்கு மிளகாய் வறுத்தேன். கூரைப் பெட்டி கத்தியது. மருமகன் கதிரையில் ஏறி நின்று துவாயை விசிறினார். மார்கிறெட் தந்த குள்ளனை யாரோ மேசையில் வைத்திருந்தார்கள். அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் பழக்கதோசத்தில் மூக்கைக் கிட்டக் கொண்டு போய்விட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூக்கை இழுத்துக்கொண்டு புட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டேன். புட்டு நன்றாகத்தான் இருந்தது. அதை இன்று வரை அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

சாப்பிட்டு முடியவில்லை, வீடு பார்த்துக் கொடுக்கிறவரின் அழைப்பு வந்தது. மருமகன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். சுகந்தி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"மாமி, இண்டைக்குச் சொல்லுறனெண்டனீங்கள். கீழ் அறை வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும். குசினிக்குப் பக்கத்தில இருக்கோணும் எண்டு சொல்லுங்கோ. கூரையில அந்தக் கத்துற பெட்டி இருக்கக்கூடாது."

"ஐயோ மாமி, அது இல்லாமல் இஞ்சை வீடு இல்லை. அது சட்டம்."

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவளுடைய மூக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"அப்ப அதுவும் கத்தட்டும்" என்றேன்.